கோயில் வாசலுக்கு ஓர் அறிமுகப் பலகை: என்ன எழுதலாம்?

சிப்புட்_பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் எங்கள் மாரியம்மன் கோயில் இருக்கிறது. அடுத்த மாதம் பக்கத்து இடைநிலைப்பள்ளியிலிருந்து படிவம் நான்கு மாணவர்கள் ஒரு பஸ் நிறைய வருகிறார்கள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், ஓராங் அஸ்லி (பூர்வகுடி) பிள்ளைகள், கூடவே கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத நம் பிள்ளைகளும் சிலர். "நீதான் படித்தவன், வாசலில் வைக்க ஒரு பலகைக்கு எழுதிக் கொடு" என்று தலைவர் என் தலையில் கட்டிவிட்டார். தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும், மலாய்க்கு மாற்ற ஆள் இருக்கிறது.

ஒரு தாள் எழுதினேன். வேதம் நான்கு, சைவ ஆகமம் (கோயில், பூசை விதி நூல்) 28, அறம் பொருள் இன்பம் வீடு என்று போகிறது. படித்துப் பார்த்த தங்கை இரண்டாவது வரியிலேயே கொட்டாவி விட்டாள்.

கோயில் எப்படி இருக்கும் என்றால்: முன்னால் தகரக் கூரை போட்ட மண்டபம். உள்ளே சிமெண்டில் கட்டிய கருவறை, அதன் மேல் ஒற்றைக் கலசத்தோடு சின்ன விமானம். ராஜகோபுரம் கிடையாது. இடப்பக்கம் அரசமரத்தடியில் பிள்ளையாரும் நாகம்மாவும். வெளியே செம்மண் பாதை திரும்பும் இடத்தில் காவல் தெய்வம் முனியாண்டி, கூரை இல்லாமல், கையில் அரிவாளோடு. சுற்றிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). ரப்பர் பால்மரம் எல்லாம் என் அப்பா காலத்தோடு போய்விட்டது.

இரண்டு கேள்வி. ஒன்று, எதிலிருந்து தொடங்குவது? இரண்டு, நிர்வாகத்தில் இரண்டு பேர் முனியாண்டியைப் பற்றி ஒரு வரியும் எழுத வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற_வாத்தியார்

தம்பி, முதல் வேலையாக அந்தத் தாளைக் கிழித்துப் போடு. வேதம் எத்தனை என்று தெரிந்துகொண்டு வெயிலில் நிற்கிற பிள்ளைக்கு என்ன ஆகப்போகிறது? அதெல்லாம் தேர்வுக்குப் படிக்கிற சங்கதி. கோயிலுக்கு வந்தவர்களுக்குக் கோயிலைத்தான் காட்ட வேண்டும்.

அவர்கள் கால் போகிற வழியிலேயே எழுது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வோம், குழாயடியில் கால் கழுவச் சொல்வோம். ஏன் என்று ஒரு வரி. உள்ளே வந்ததும் கண்ணில் படுவது பிள்ளையார். எந்தக் காரியத்தையும் அவரைக் கும்பிட்டுத்தான் தொடங்குவோம், அதனால் அவர் முதலில். அப்புறம் பலிபீடம். பேரைக் கேட்டதும் பிள்ளைகள் மிரளும். நம்மிடம் இருக்கிற ஆணவத்தை, ஆசையை, கோபத்தை அங்கே போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது. பூசை முடிவில் பரிவார தேவதைகளுக்குச் சோறு வைக்கிற இடமும் அதுதான். அதற்கடுத்து அம்மனைப் பார்த்தபடி சிங்கம். சிவன் கோயில் என்றால் நந்தி, முருகன் கோயில் என்றால் மயில், பிள்ளையாருக்கு மூஞ்சூறு. யார் கோயில் என்று வாகனத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எழுது. அடுத்த முறை வேறு கோயில் வழியாகப் போகும்போது அந்தப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்.

நம்பிக்கைகளைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஆனால் கேள்வி எங்கே எழுமோ அங்கே எழுது. கருவறையில் அம்மன், மரத்தடியில் பிள்ளையார், பக்கத்தில் நாகம்மா என்று பார்த்தவுடன் "உங்களுக்கு எத்தனை கடவுள்?" என்று யாராவது கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். அதற்குப் பதில்: பரம்பொருள் ஒன்றுதான், பேரும் உருவமும்தான் பல என்று நம்புகிறவர்கள் நம்மில் உண்டு. ஒவ்வொரு தெய்வத்தையும் தனித்தனியாக நினைத்துக் கும்பிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றுதான் திருநீறு வாங்குகிறார்கள். இந்தச் சமயத்தை இன்னார் தொடங்கினார் என்று ஒருவர் இல்லை, இதுதான் வேதப்புத்தகம் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்றும் இல்லை. நம் தமிழ்ச் சைவம் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வழியாகச் சொல்வது மூன்று: இறைவன், உயிர், உயிரைக் கட்டியிருக்கிற தளை. பதி, பசு, பாசம். அந்தத் தளை கழன்றால் வீடு. கழலாத வரைக்கும் பிறவி தொடரும்.

வினையைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம். "எல்லாம் விதி" என்று எழுதிவிடாதே. நேற்று செய்தது இன்று நம் முன்னால் வந்து நிற்கிறது என்றால், நாளைக்கு வரப்போவது இன்று நம் கையில்தானே இருக்கிறது? நம் பிள்ளைகளுக்கே இது போய்ச் சேரவில்லை.

கல்தச்சன்

கோயில் திருப்பணிகளில் ஸ்தபதிகளோடு வேலை செய்கிறவன் நான். கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "ராஜகோபுரம் கிடையாது" என்று தம்பி எழுதியிருக்கிற தோரணையே சரியில்லை. கோயிலுக்கு உயிர் கருவறை. அதன் மேல் எழும்புவது விமானம். இரண்டும் இருந்தால் கோயில் முழுசு. கோபுரம் மதில் வாசலின் மேல் நிற்பது. இந்த இரண்டையும் நம் ஆட்களே குழப்பிக்கொள்கிறார்கள், ஆகவே பலகையில் கட்டாயம் போடு: சாமியின் தலைக்கு மேல் இருப்பது விமானம், நம் தலைக்கு மேல், வாசலில் இருப்பது கோபுரம்.

பழைய காலத்தில் விமானம்தான் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது, விமானம் ஏறத்தாழ 216 அடி. அதன் வாசல் கோபுரங்கள் அதைவிட எவ்வளவோ சின்னவை. பிற்காலப் பாண்டியர், விஜயநகரத்தார் காலத்தில்தான் கோபுரம் வளர வளர விமானம் உள்ளே ஒதுங்கியது. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் சுமார் 236 அடி. நூற்றாண்டுக் கணக்கில் அரைகுறையாக நின்று 1987இல்தான் முடிந்தது. நம் நாட்டில் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடியது கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவியது. அதன் கோபுரம் ஐந்து நிலை, 75 அடி. கோபுர நிலைகள் ஒற்றைப்படையில்தான் வரும்: 3, 5, 7, 9 என்று.

உங்கள் சின்ன விமானத்தையே ஒருவர் நின்று கை நீட்டிக் காட்டலாம். கீழிருந்து மேலே ஆறு உறுப்பு. தரையிலிருந்து படிப்படியாகப் பட்டை வைத்து எழும்புவது அதிட்டானம். அதன் மேல் தூணும் சுவரும். சுவர் முடிகிற இடத்தில் தாழ்வாரம் மாதிரி வெளியே வளைந்து நீட்டிக்கொண்டிருப்பது பிரஸ்தரம், அங்கேதான் மழைத் தண்ணீர் சொட்டும். அதற்கு மேல் ஒடுங்கிய கழுத்து. கழுத்தின் மேல் சிகரம். உச்சியில் கலசம். சிகரம் சதுரமாக இருந்தால் நாகரம், எட்டுப்பட்டையாக இருந்தால் திராவிடம், வட்டமாக இருந்தால் வேசரம் என்று சிற்ப நூல்கள் பிரிக்கும். உங்களுடையது எது என்று எண்ணிப் பார்த்துச் சொல். நிர்வாகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, பந்தயம்.

இன்னொன்று. தகரக் கூரையை நினைத்துக் கூச்சப்படாதே. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவர்கள் ஒற்றைப் பாறையில் குடைந்த ரதங்களில் திரௌபதி ரதம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவள் கொற்றவை. கூரையைப் பார்த்தால் அப்படியே ஓலைக் குடிசை. ஓலையிலும் மரத்திலும் கட்டிக்கொண்டிருந்ததைத்தான் கல்லில் செய்து வைத்தார்கள். பக்கத்திலேயே பீம ரதத்தின் கூரை கூண்டு வண்டி வளைவு. அந்த வளைவுதான் பிறகு எல்லாக் கோபுரங்களின் உச்சியிலும் ஏறி உட்கார்ந்தது. உங்கள் தோட்டத்தில் முதலில் அம்மனுக்குப் போட்டது அத்தாப்பு (ஓலை) கொட்டகை என்றால், அதுவும் அந்த வரிசையில் வந்ததுதான்.

கருவறைக்குள் ஏன் ஜன்னல் இல்லை என்று கேட்பார்கள். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறோம். வெயில், அப்புறம் மண்டப நிழல், அப்புறம் இருட்டு. அந்த இருட்டில் ஒரே ஒரு விளக்கு, அதன் வெளிச்சத்தில் முகம். ஆகமம் கோயிலை ஓர் ஆள் படுத்திருக்கிற உடம்பாகச் சொல்லும். கோபுரம் பாதம், கருவறை தலை. பாதத்தைத் தொட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும். தயவுசெய்து உள்ளே ட்யூப்லைட் போட்டிருந்தால் அன்றைக்காவது அணைத்து வையுங்கள்.

மோட்டார்_மணியம்

எல்லாம் எழுதுங்கள் அண்ணே, முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். ஒரு பஸ் பிள்ளைகள்.

செம்பருத்தி

மணியம் சொன்னது விளையாட்டு இல்லை, அதையும் போடுங்கள்.

கட்டடம் சரி. பூசையை யார் விளக்குவது? பிள்ளைகள் வருகிற நேரத்தில் சும்மா நடை சாத்திக் கிடந்தால் பொம்மைக் கண்காட்சிக்கு வந்தது மாதிரி ஆகிவிடும். ஆசிரியையிடம் பேசிக் காலை அபிஷேக நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் நல்லது, பெண்கள் எலுமிச்சம்பழத் தோலைக் கவிழ்த்து நெய் ஊற்றி விளக்கு வைப்பதையும் பார்ப்பார்கள்.

பூசையின் நடையை நான் இப்படிச் சொல்வேன். வீட்டுக்கு வந்த பெரியவர்களை எப்படிக் கவனிப்போமோ அதே வரிசை. எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, பூச்சூட்டுவது, சோறு வைப்பது, விளக்குக் காட்டுவது. பதினாறு உபசாரம் என்று கணக்கு. அபிஷேகத்தில் எண்ணெய், மஞ்சள், பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம், சந்தனம், திருநீறு என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். மாரியம்மனுக்கு மஞ்சளும் வேப்பிலையும் இளநீரும் ஏன் முக்கியம் என்றால் அவள் வெக்கையின் தெய்வம், அம்மை நோயின் தெய்வம். குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆடியில் கூழ் ஊற்றுவதும் அதற்குத்தான்.

அபிஷேகம் முடிந்ததும் திரை போடுவார்கள். அலங்காரம் நடக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுவார்கள். திரைக்குப் பின்னால் புடவைச் சரசரப்பும் வளையல் சத்தமும் கேட்கும், ஐயர் "பூ, பூ" என்று கை நீட்டுவார், யாராவது தட்டை எடுத்து ஓடுவார்கள். பிறகு மணி. எல்லா மணியும் ஒரே நேரத்தில். திரை விலகும்போது கற்பூர வெளிச்சத்தில் அந்த முதல் பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் நாங்கள் காத்து நிற்கிறோம். சாமியைப் பார்ப்பது மட்டும் இல்லை, சாமி நம்மைப் பார்ப்பது. இதைப் பலகையில் எழுதுங்கள். மற்றது எல்லாம் விட்டுப்போனாலும் பரவாயில்லை.

அர்ச்சனை பற்றி இரண்டு வரி போதும். பேர், ராசி, நட்சத்திரம் சொல்லுவோம், தெரியாதவர்கள் "சாமி பேருக்கே" என்பார்கள்.

அப்புறம் முக்கியமானது, யாரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது. தட்டு வரும்போது கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிடுவது, திருநீறு பூசுவது, பிரசாதம் சாப்பிடுவது எதுவும் விருந்தாளிப் பிள்ளைகளுக்குக் கடமை இல்லை. முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதில் சங்கடம் இருக்கும். கொண்டைக்கடலைச் சுண்டலை மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் எடுக்கட்டும். சாமிக்குப் படைக்காத பிஸ்கட், பாக்கெட் பானம் தனி மேசையில் இருக்கட்டும். இப்படிச் செய்தால் யாருக்கும் முகம் கோணாது.

பால் வீணாகிறதே என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். கிழக்குப் பார்த்த கருவறை என்றால் வடபக்கச் சுவரில் கோமுகி இருக்கும், அபிஷேகத் தண்ணீர் அந்த வழியாக வெளியே வரும், அதைத் தீர்த்தமாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அன்றாடம் ஒரு சொம்புப் பால் எனக்கு வீணாகத் தெரியவில்லை. ஆனால் திருவிழாவில் பால்குடம் நூற்றுக்கணக்கில் வந்து எல்லாம் வடிகாலுக்குப் போவது எனக்கும் பிடிக்காது. ஒவ்வொரு குடத்திலும் கொஞ்சம் அம்மனுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை அன்னதானத்துக்குக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

கூலிம்_வாசி

நல்ல பதிவுகள். முனியாண்டி விஷயத்தில் நிர்வாகத்தில் அந்த இரண்டு பேர் சொல்வதுதான் சரி. பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். சுருட்டு, சாராய பாட்டில், கோழி ரத்தம் என்று காட்டி "இதுதான் இந்து சமயம்" என்று அனுப்பப் போகிறோமா? ஒரு பிள்ளை கைப்பேசியில் எடுத்துப் போட்டால் போதும், நாடு முழுக்கச் சுற்றும். பலி கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று நம்மவர்களே எத்தனை காலமாகச் சொல்லி வருகிறோம். ஆகமத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை. அம்மன், பிள்ளையார், முருகன் போதும்.

உருமி_மேளம்

கூலிம் அண்ணே, உங்கள் அம்மனுக்கு முன்னாலேயே வந்து நின்றவர் அவர்.

எங்கள் தாத்தா காட்டை வெட்டிக் கன்று வைத்த காலத்து ஆள். காட்டு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, சூலம் குத்தி, "ஐயா, எங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்" என்றுதான் முதலில் கும்பிட்டார்கள். இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுக்க மரம் சீவப் போகிற பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போவார்கள். பாம்பு கிடக்கும், பன்றி வரும், சில காடுகளில் புலி. துரைக்குத் துப்பாக்கி இருந்தது. எங்களுக்கு முனி இருந்தார்.

கூரை ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: ராத்திரி முழுக்கக் குதிரையில் எல்லையைச் சுற்றுகிறவர் வீட்டுக்குள் உட்கார மாட்டார். கட்டிக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்வதில்லை என்று எத்தனையோ தோட்டத்தில் சொல்லுவார்கள். சுருட்டு அவருக்குப் பிடித்தது. காவலுக்கு நிற்கிறவருக்குக் காவல்காரன் கேட்பதைத்தானே கொடுப்பார்கள்?

வாசலில் நிற்கிறவரைத் துணி போட்டு மூடிவிட்டு, உள்ளே வா என்று விருந்தாளியைக் கூப்பிட்டால் அதுதான் அசிங்கம்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள்.

கூலிம் தம்பி, ஆகமத்தில் காவல் தெய்வத்துக்கு இடம் இல்லை என்பது பொருந்தாது. எந்த ஆகமக் கோயில் கருவறை வாசலிலும் இரண்டு பக்கம் துவாரபாலகர் கதாயுதத்தோடு நிற்கிறார்களே, அவர்கள் யார்? சிவன் கோயிலில் வடகிழக்கு மூலையில் பைரவர் நிற்கிறார். ராத்திரி நடை சாத்திச் சாவியை அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவது பல கோயில்களில் வழக்கம். ஊருக்கு எல்லை காக்க ஐயனார், கருப்பர், மதுரைவீரன் என்று தமிழ்நாட்டுக் கிராமம் முழுக்க இருக்கிறார்கள். அங்கே ஊர் எல்லை, இங்கே தோட்டத்து எல்லை. வேலை ஒன்றுதான்.

உருமி, உன் பக்கமும் ஒன்று சொல்கிறேன். எல்லா முனிக்கும் சாராயமும் கோழியும்தான் படையல் என்று ஆக்கிவிடாதே. பொங்கல் வைத்து, எலுமிச்சையும் பூசணியும் வெட்டி நிறுத்திக்கொண்ட கோயில்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. சிப்புட் தம்பி, உங்கள் கோயிலில் எது நடக்கிறதோ அதை உள்ளபடி எழுது. நடப்பதை மறைக்காதே, நடக்காததைச் சேர்க்காதே.

பலகையில் கோயில் வந்த கதைக்கு ஒரு பத்தி ஒதுக்கு. அந்த ஆசிரியைக்கு அது வரலாற்றுப் பாடத்துக்கும் உதவும். ரப்பருக்காக நம் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் நிறுத்தினார்கள், கங்காணி முறை 1938 வரைக்கும் ஓடியது, அந்த ஆண்டில்தான் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடுத்தது. கங்காணி தன் ஊர், தன் சனம் என்று திரட்டிக்கொண்டு வந்ததால், அந்த ஊர்ச் சாமியும் கூடவே வந்தது. கோயில் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு கப்பலேறினவர்கள் உண்டு. மலேரியாவும் அம்மையும் காலராவும் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) ஆட்களை வாரிக்கொண்டு போன காலம். மாரியம்மன் ஏன் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறாள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கோயில் காசை ஆள் பேரில் எழுதிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், திருவிழா அன்று துரைக்கு மாலை போட்டு முன்வரிசையில் நாற்காலி.

அப்புறம் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்கட்டும் என்று. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. லயம் போய், சனம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போய், கோயில் மட்டும் செம்பனை நடுவில் நிற்கிறது. நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, கோயில் சனத்துடையது. அந்தச் சிக்கல் இன்றைக்கும் நாடு முழுக்கத் தொடர்கிறது. பலகையில் அதை எழுத வேண்டாம், ஆனால் யாராவது கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தொடங்கிய ஆண்டு என்று எதையாவது குத்துமதிப்பாகப் போட்டுவிடாதே. பழைய மணியிலோ குத்துவிளக்கிலோ உபயம் பொறித்திருக்கும், அதில் ஆண்டு இருந்தால் அதைப் போடு.

கூலிம்_வாசி

துவாரபாலகர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். முனியைப் பற்றி எழுதட்டும். பாட்டில் மட்டும் அன்றைக்கு வேண்டாம்.

உருமி_மேளம்

பாட்டில் இருக்காது. சுருட்டு இருக்கும்.

சிப்புட்_பொடியன்

எல்லாருக்கும் நன்றி. நேற்று கோயிலுக்குப் போய்ப் பார்த்தேன். கல்தச்சன் அண்ணே, சிகரம் எட்டுப்பட்டை. பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், தலைவருக்கே தெரியவில்லை. கலசத்துக்குள் என்ன இருக்கிறது என்று தங்கை கேட்கிறாள். கும்பாபிஷேகம் பற்றியும் எழுதலாமா?

வரைவு இதோ:

"வணக்கம். செருப்பை வாசலில் விட்டு, காலைக் கழுவிக்கொண்டு வாருங்கள். வெளியில் நடந்த அழுக்கு உள்ளே வராமல் இருக்கத்தான். முதலில் பாதைத் திருப்பத்தில் நிற்பவரைப் பாருங்கள். அவர் முனியாண்டி. காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நாளிலிருந்து இந்த எல்லைக்குக் காவல். அவருக்குக் கூரை இல்லை, அவர் இரவில் சுற்றி வருபவர் என்பது எங்கள் நம்பிக்கை. மரத்தடியில் இருப்பவர் பிள்ளையார். எந்தக் காரியத்தையும் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவோம். கொடிமரம் இல்லாத கோயில் இது, ஆகவே பலிபீடத்துக்கு முன்னால்தான் விழுந்து கும்பிடுவோம். ஆணவத்தை விட்டுவிட்டு உள்ளே போகும் இடம் அது. சிங்கம் அம்மனின் வாகனம். உள்ளே இருப்பவள் மாரியம்மன். மழைக்கும் நோய்க்கும் தாய். எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்தபோது அவர்களோடு வந்தவள். கருவறை இருட்டாக இருக்கும். மணி அடித்துத் திரை விலகும்போது விளக்கு வெளிச்சத்தில் அவளைப் பார்ப்போம், அவளும் எங்களைப் பார்ப்பாள். கடவுள் ஒன்றா பலவா என்று கேட்டால் எங்களில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். பார்த்துவிட்டுக் கோயிலை வலமாகச் சுற்றி வாருங்கள். வடக்குச் சுவரில் தண்ணீர் வரும் வாயைக் காணலாம். தலைக்கு மேல் தெரிவது விமானம்."

செம்பருத்தி

இது கொட்டாவி வராத எழுத்து. ஒன்றிரண்டு திருத்தம். "அழுக்கு" என்பதோடு நிறுத்தாதீர்கள், மரியாதை என்றும் சேர்க்க வேண்டும். கழுவிய செருப்போடு வரலாமா என்று எவனாவது கேட்பான். மாதவிலக்கு நாளில் வரக் கூடாது என்று நிர்வாகத்தில் யாராவது ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். நம் வீடுகளில் சிலர் அந்த நாள்களில் வருவதில்லை, அது அவரவர் வழக்கம். விருந்துக்கு வந்த பிள்ளையிடம் அதைக் கேட்க ஆள் நிறுத்துவது அநாகரிகம்.

படம் எடுக்கலாமா என்பதையும் போடுங்கள். மண்டபம் வரைக்கும் சரி, கருவறையை எடுக்க வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான கோயில்களில் வழக்கம்.

கல்தச்சன்

தங்கை கேள்விக்குப் பதில். கலசம் செம்பு. உள்ளே தானியம், நவதானியமோ வரகோ நிரப்பி மூடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். விதை கெட்டுப் போகாமல் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதைப் பலகையில் போடுகிற அளவுக்கு எனக்கு நிச்சயம் இல்லை.

கும்பாபிஷேகத்தை இரண்டு வரியில் சொல்லலாம். திருப்பணிக்கு முன்னால் பாலாலயம்: சாமியின் சக்தியைக் கும்பத் தண்ணீருக்கு மாற்றி வேறு இடத்தில் வைத்துப் பூசை செய்வார்கள், அப்போதுதான் கருவறையில் உளி வைக்கலாம். வேலை முடிந்ததும் சிலையைப் பீடத்தோடு பிடித்து நிறுத்த அஷ்டபந்தன மருந்து சாத்துவோம். எட்டுச் சரக்கு சேர்த்து இடிக்க இடிக்கச் சூடேறி மெழுகாக வரும், உலக்கை பிடித்தவன் கை மறுநாள் தூக்க வராது. யாகசாலையில் வைத்த கும்பத்தைத் தலையில் சுமந்து மேலே ஏறி, விமானக் கலசத்திலும் உள்ளே அம்மன் மேலும் அந்தத் தண்ணீரை ஊற்றுவதுதான் கும்பாபிஷேகம். பிறகு 48 நாள் மண்டல பூசை.

சிற்பங்களைப் பற்றியும் ஒரு வரி. முன்பு சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைத்த சுதை. இப்போது கம்பி கட்டி, செங்கல் வைத்து, சிமெண்டு பூசிச் செய்கிறோம். நம் மழைக்கு எந்தச் சாயமும் நிலைக்காது, அதனால்தான் எல்லாக் கோயிலும் ஒன்று பளபளவென்று இருக்கும் அல்லது பாசி பிடித்திருக்கும், நடுவில் கிடையாது.

சிப்புட்_பொடியன்

மிக்க நன்றி அண்ணே. நாளைக்கே திருத்தி நிர்வாகத்தில் காட்டுகிறேன். பலகையை அரசமரத்தில் அடித்து மாட்டலாம் என்று தலைவர் சொல்கிறார், நிழலாக இருக்குமாம்.

செம்பருத்தி

பிள்ளையாரும் நாகம்மாவும் குடியிருக்கிற மரத்தில் ஆணியா? யாரும் சம்மதிக்க மாட்டார்கள். குழாயடிக்குப் பக்கத்தில் இரண்டு கால் நட்டு வையுங்கள். கால் கழுவ எப்படியும் வரிசையில் நிற்பார்கள், அப்போது படித்துவிடுவார்கள்.

கல்தச்சன்

கால் நடுகிற இடத்தில் தண்ணீர் தேங்குமா பார்த்துக்கொள். மரப்பலகை வேண்டாம், ஒரே மழைக்காலத்தில் கரையான் தின்றுவிடும். அலுமினியத் தகடு போடு. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி போட்ட கிழவர்களும் வந்து படிப்பார்கள்.